சம்பளம் வாங்கிய கை

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுபோலப் பிறகு பேசினார்கள். நான் இருந்தேன். என் தம்பி நடு நாற்காலியில் இருந்தான். அவன் மனைவி சமையலறை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றாள். அவர்களுடைய மூத்த பிள்ளை, கல்யாணம் நிச்சயமானவன், மடிக்கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தான். சோபாவில் அவனுக்கு மாமனார் மாமியாராக வரப்போகிற சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் இருந்தார்கள். திரையில் மூன்று பேர்: வெளிநாட்டுத் தொழிலாளர் துறையின் விசாரணை அதிகாரியான ஒரு நடுவயதுப் பெண், பண்ணை முதலாளியின் வக்கீல், வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த தம்பி மகள், எங்கள் சின்னவள். வேறு ஒருவரும் இல்லை.

சின்னவளுக்கு நான் அத்தை. பெண்கள் கல்லூரி விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் காரணம் தேடியவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். தம்பி பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரே வீட்டுச் சாட்சிகள் கூண்டில் ஏறி ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியதில் சொத்தும் மானமும் சேர்ந்தே போவதை அவர் தினமும் பார்த்தார். அதனால் வீட்டில் ஒரு சட்டம் வைத்தார். வெளியாள் முன்னால் நம்மில் ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றவர் மறுக்கக் கூடாது. கதவைச் சாத்திய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். சிறுவயதில் தம்பி ஒரு விருந்தாளியிடம், அக்கா நன்றாகப் பாடுவாள் என்று சொல்லிவிட்டான். நான் பாடினேன். அந்த விருந்தாளி அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.

வேடிக்கையாகச் சொன்னாலும், அந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டுக்குப் பெயர் இருந்தது. இந்த வீட்டில் ஒருவரிடம் கேட்டால் போதும், எல்லோரிடமும் கேட்ட மாதிரி என்பார்கள். சின்னவளும் அதில் வளர்ந்தவள்தான்.

அவள் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நீண்ட விடுமுறை வந்தது. உடன் படிக்கும் பிள்ளைகள் சிலர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள். மாணவர்களுக்கென்றே ஒரு விசா இருக்கிறதாம். ஊரையும் பார்க்கலாம், கிடைத்த வேலையைச் செய்து செலவுக்கும் சம்பாதித்துக்கொள்ளலாம். தானும் போவதாக வந்து நின்றாள். தம்பி ஒரேயடியாக மறுக்கவில்லை.

"தொண்டு செய்யப் போறதுன்னா போம்மா. கைநீட்டிக் கூலி வாங்கத்தான் போறேன்னா அதுக்கு எதுக்கு விமானம்? தெருமுனைக் கடையிலயே சேர்த்துவிடறேன்."

அவள் அந்த நாட்டிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தைத் தேடிப் பிடித்தாள். பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, பல் துலக்கப் பழக்குவது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. தம்பி சந்தோஷமாக அனுப்பிவைத்தான். பல் துலக்கும் குழந்தைகளுக்கு நடுவே அவள் நிற்கும் படத்தை முகநூலில் போட்டு, 'தன்னலமற்ற தொண்டில் எங்கள் மகள்' என்று எழுதினான். பள்ளியில் காலைக் கூட்டத்திலும் பேசினான். பெரியவனுக்குப் பெண் கொடுக்க முன்வந்த சம்பந்தி ஓர் அறக்கட்டளை நடத்துகிறவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், இப்படிப்பட்ட வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்வது கொடுப்பினை என்று ஆள் அனுப்பினார்.

காப்பகத்து வேலை முடிந்தது. விடுமுறை மீதி இருந்தது. சின்னவள் இன்னும் சில மாணவர்களோடு ஒரு காய்கறிப் பண்ணைக்குப் போனாள். அங்கே வாரக்கூலி. வீட்டில் மறைக்கவில்லை, அன்றே தொலைபேசியில் சொன்னாள். அப்பாவும் மகளும் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் தம்பி, "சரி, செய். ஆனா வெளியில கேட்டா தொண்டுதான்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே, "அப்படியே சொல்லுங்கப்பா. கேரட்டுக்குத் தொண்டு செய்றேன்" என்றாள்.

வீடியோவில் அந்த இடத்தைக் காட்டுவாள். தகரச் சுவர் வைத்த அறை, இரண்டடுக்குக் கட்டில்கள், ஹீட்டர் மேல் ஈரக் காலுறைகள் வரிசையாகக் காயும். மூச்சு விட்டால் புகை வரும். கொட்டகையில் லாரி வந்து மண்ணோடு கேரட்டைக் கொட்டும். தண்ணீர்த் தொட்டியில் உருண்டு புரண்டு, மறுபக்கம் ரப்பர்ப் பட்டையில் சிவப்பாக வெளியே வரும். இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று, வெடித்ததையும் கிளை விட்டதையும் பொறுக்கி எறிய வேண்டும். ஒருநாள் இரண்டு கேரட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். "இது விறைப்பா நிக்குது பாருங்க, அத்தை மாதிரி. முதல் தரம், கடைக்குப் போகும். இதுக்கு ரெண்டு கால், அண்ணன் மாதிரி. மாட்டுக்குப் போயிடும்." பெரியவன் பின்னாலிருந்து, "பல்லைப் பிடுங்கப் படிச்சவ, கேரட்டைப் பிடுங்குறா" என்றான். "பிடுங்கறது மெஷின்டா. நான் கழிச்சுக் கட்டறவ" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஒவ்வொருவர் கையிலும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. முதல் வாரம் அவள் அதை என்னிடம் விரித்துக் காட்டினாள். நகக்கண்ணில் மண் இருந்தது. "என் கையால சம்பாதிச்சது அத்தை" என்றாள். எங்கள் வீட்டில் அந்த வயதில் அப்படிச் சொன்ன முதல் பெண் அவள்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் பட்டைக்கு அடியில் இருக்கும் உருளையில் ஏதோ சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது. மறுகோடியில் விசைக்குப் பக்கத்தில் நிற்பவன் தலையசைத்தானாம். நிறுத்திவிட்டான் என்று எண்ணி இவள் கையை விட்டிருக்கிறாள். எடுப்பதற்குள் பட்டை ஓடியது. கையுறையோடு இழுத்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண்கள் அறுந்துவிட்டன. வலது கை.

முதல் அறுவை சிகிச்சையை அவசரத்துக்கு அங்கேயே செய்துவிட்டார்கள். சில வாரங்களுக்குள் இரண்டாவது ஒன்று செய்ய வேண்டும், அதற்கு மேல் மாதக்கணக்கில் விரல் பயிற்சி வேண்டும், அப்போதுதான் பழையபடி மடங்கும் என்றார்கள். தொழிலாளியாக இருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு அதையெல்லாம் அந்த நாட்டுச் சட்டமே செய்துகொடுக்கும். முதலாளி, இவள் தொழிலாளியே இல்லை, படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் தங்கிய தொண்டர் என்று சாதித்தான். கூட வேலை பார்த்தவர்கள் அறுவடை முடிந்து ஆளுக்கொரு திசையாகப் போயிருந்தார்கள். அவனுடைய வக்கீல் எங்கிருந்தோ தம்பியின் முகநூல் பக்கத்தைத் தோண்டி எடுத்து, பெற்ற தகப்பனே தொண்டு என்று எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று கொடுத்தான். அதனால் அதிகாரி தகப்பனிடமே நேரில் கேட்டுவிடுவதாக ஒரு நாள் குறித்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் சின்னவள் தொலைபேசியில் பேசினாள். "அப்பா, ஒரே ஒரு வார்த்தை. சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தான்னு சொன்னா போதும்."

"சொல்றேன்மா. உன் கையை விடவா எனக்கு முகநூல் பெரிசு?" என்றான் தம்பி. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். அதை நான் அறிவேன்.

கல்யாண மண்டபம் பார்க்க மறுநாள் வருவதாக இருந்த சம்பந்தி, வழியில் வேறு வேலையாக வந்ததாகச் சொல்லி, விசாரணைக்குச் சற்று முன்னால் மனைவியோடு வந்து இறங்கினார். வந்தவர்களைப் போகச் சொல்ல முடியாது. தம்பி மனைவி காபி டம்ளர்களை வைத்துவிட்டு, கணினியை உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போகலாமே என்று மெல்லச் சொன்னாள். சம்பந்திக்கு அது காதில் விழுந்தது. தாங்கள் வேண்டுமானால் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி எழுந்தார். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது.

"உட்காருங்க சம்பந்தி. இந்த வீட்டுல மறைக்க என்ன இருக்கு?" என்றான்.

பெரியவன் என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை.

அதிகாரி கேட்ட கேள்வியில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. உங்கள் மகள் அந்தப் பண்ணையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாளா, தொண்டராக இருந்தாளா? சம்பந்தி தன் மனைவி பக்கம் சாய்ந்து அதைத் தமிழில் சொன்னார். அந்த அம்மாள் வியப்போடு, "கூலி வேலையா?" என்று கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். காலைக் கூட்டத்தில் பேசுகிற அதே கணீர்க் குரலில், நல்ல ஆங்கிலத்தில், தன் மகள் கூலிக்காகக் கடல் கடந்து போகிறவள் அல்ல, தொண்டு மனப்பான்மையோடு போனவள் என்றான். அதிகாரி விடவில்லை. காப்பகத்தைக் கேட்கவில்லை, பண்ணையைக் கேட்கிறேன் என்றாள். எல்லா இடத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றான் தம்பி.

வக்கீல் குனிந்து எழுதிக்கொண்டான். சமையலறை வாசலில் தம்பி மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருவரும் பேசவில்லை. பேசுவது எங்கள் வழக்கம் இல்லை.

அதிகாரி சின்னவள் பக்கம் திரும்பினாள். நீ எழுதிக் கொடுத்தது வேறு, உன் தகப்பனார் சொல்வது வேறு. நீ மறுத்துச் சொல்வதானால் இப்போதே சொல்லலாம், சொல்லாவிட்டால் இதை வைத்துத்தான் முடிவு எழுத வேண்டியிருக்கும் என்றாள். பொறுமையாகவே சொன்னாள். அந்தப் பெண்மணி இவளுக்கு வழி விட்டுக்கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

சின்னவள் திரையை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அங்கே தெரிந்தது எங்கள் கூடம்தான். நடுவில் அப்பா, பக்கத்தில் நான், சோபாவில் அண்ணனின் மாமனார் மாமியார். வாய் ஒருமுறை திறந்து மூடியது. கட்டுப் போட்ட கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அது திரையில் தெரியவில்லை.

"அப்பா சொன்னதுதான்" என்றாள். முதலில் தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

வக்கீலின் கட்டம்தான் முதலில் மறைந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள், ஏதாவது வரும் என்பதுபோல. பிறகு அவளும் போனாள். சின்னவள் மட்டும் இருந்தாள். அவள் ஏதோ பேச வாயெடுத்தபோது தம்பி கணினியை மூடினான்.

சம்பந்தி நெகிழ்ந்துபோயிருந்தார். "அடிபட்டுக் கிடக்கிற நேரத்துல ஒரு பொய்யைச் சொல்லிப் பணத்தை வாங்கியிருக்கலாம். யாரும் தப்பு சொல்லமாட்டாங்க. சொல்லலையே அந்தப் பொண்ணு."

"எங்க வளர்ப்பு சம்பந்தி" என்றான் தம்பி.

அவர்கள் காரில் ஏறும்வரை வாசலில் நின்று சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினோம். தம்பி மனைவி அதற்குத்தான் காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க அப்பா போட்ட சட்டத்துக்கு என் பொண்ணு கையைக் கொடுத்தாச்சு. இப்ப வயிறு நிறைஞ்சுதா?" என்று அவனைக் கேட்டாள். என்னிடம் திரும்பி, "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி?" என்றாள். அதிகாரி கேட்டது அவனை என்றேன்.

பெரியவன், சொன்னதைத் திருத்தி எழுதிக் கொடுக்க விதிப்படி இன்னும் ஒரு வாரம் தவணை இருக்கிறது என்றான். மாமனாரிடம் தானே போய் உண்மையைச் சொல்வதாகவும் சொன்னான். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு பேசறவன்னு ஒரு வெளிநாட்டு ஆபீஸ்ல என் பேர் இருக்கணுமா? அவளை வரச் சொல்லு. இங்க இல்லாத டாக்டரா? நான் பார்த்துக்கறேன்." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வாளி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் காலை நான் சின்னவளுக்குப் போன் செய்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தீங்களே அத்தை."

"உட்கார்ந்திருந்தா என்ன? கை உன்னோடதுதானே?"

"வாயைத் திறந்தேன். அந்த மாமா பார்த்துட்டிருந்தாரு. அண்ணன் கல்யாணம். அப்பா முகத்தைப் பார்த்துட்டு எனக்கு வரலை அத்தை. வேற யாராவது சொல்வாங்கன்னு நினைச்சேன்."

யார் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரியின் முடிவு வந்தது. தொண்டர், ஆகவே தொழிலாளர் சட்டத்தில் இடமில்லை. தையல் ஆறாமல் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது இங்கே கல்யாண வேலை கழுத்தைப் பிடித்தது, மருத்துவரைப் பார்ப்பதும் தள்ளிப்போயிற்று. தம்பி பெரிய மருத்துவமனையில்தான் காட்டினான். அதில் குறை சொல்ல முடியாது. கை அறுவை நிபுணர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கப் பார்த்தார். நாண்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, இதை முன்னாலேயே பிரித்திருக்க வேண்டும், எதற்காகத் தாமதித்தீர்கள் என்று கேட்டார். அது மருத்துவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தம்பி காலெண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கேயும் ஒரு அறுவை செய்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் குச்சிபோல நீட்டியபடியே நின்றுவிட்டன.

கல்யாணத்தில் அவளுக்கு நீளக் கையுள்ள ரவிக்கை தைத்துக் கொடுத்தார்கள். மேடையில் படம் எடுக்கும்போதெல்லாம் புகைப்படக்காரர் அவளை ஓரமாகத் தள்ளி, பூங்கொத்தை வலது கைக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். வந்தவர்களிடம் தம்பி, தொண்டு செய்யப் போன இடத்தில் சின்ன விபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் கண்கலங்கி, உள்ளூரில் ஆயிரம் குழந்தைகள் இருக்க எதற்கு அவ்வளவு தூரம் என்று அறிவுரையும் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

கல்லூரி திறந்தது. செய்முறை வகுப்பில் பல் கண்ணாடியை ஒரு கையிலும் கொக்கி முனைக் கருவியை இன்னொரு கையிலும் பிடிக்க வேண்டும். இடது கைக்கு மாற்றிப் பழகிப் பார்த்தாள். பேராசிரியர் நல்லவர், ஒரு பருவம் முழுக்கப் பொறுத்தார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, நோயாளியின் வாய் சோதித்துப் பார்க்கிற இடமில்லை அம்மா என்றார். படிப்பை நிறுத்தினாள். இப்போது ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்புகிறாள். உடன் படித்தவள் ஒருத்தி அங்கேயே மருத்துவராகச் சேர்ந்திருக்கிறாள். அவளை இவள் "மேடம்" என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.

வீட்டில் கரண்டியால் சாப்பிடுகிறாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் தம்பி செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறான். முன்பெல்லாம் அண்ணனை வம்புக்கு இழுக்காமல் ஒருநாள் போகாது அவளுக்கு. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு வந்து ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தம்பி மனைவி என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள்.

சம்பந்தியின் அறக்கட்டளைக்கு இந்த மாதம் ஆண்டுவிழா. அதில் சின்னவளுக்கு விருது கொடுக்கப் போகிறார்களாம். அழைப்பிதழ் வீடு வீடாக வந்திருக்கிறது. சின்னவள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். தான் வரப்போவதில்லை என்றாள். தம்பி, "ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வாம்மா. சம்பந்தி முகம் கோணாம இருக்கும்" என்றான். அவள் எழுந்து மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள். மேசையில் கிடந்ததை நான் எடுத்துப் படித்தேன்.

வெளிநாட்டில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது உள்ளே சிக்கிய குழந்தையைக் காப்பாற்றப் போய்த் தன் கையை இழந்த வீரப்பெண் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். உறவினர்களும் நண்பர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீ எதுவும் பிடிக்கவில்லை. குழந்தை எதுவும் சிக்கவில்லை. கை இருக்கிறது; இரண்டு விரல்கள் மடங்காது. என் தம்பி மகள் ஒரு பண்ணையில் கேரட் பொறுக்கும் வேலை பார்த்தாள். சம்பளத்துக்குத்தான் பார்த்தாள்.